கூண்டில் ஓட்டை போட்ட காலம்

பந்தயக் கார்களைப் பரிசோதித்து அனுப்புகிறவனுக்குக் கருவிகள் நிறைய உண்டு, ஆனால் நாள் முழுக்க அவனுக்குப் பயன்படுவது ஒரே ஒரு சொல்தான். மைசூரில் அந்தச் சொல் ‘ஆகல்ல’. கன்னடத்தில் முடியாது, நடக்காது என்று அர்த்தம். ரயிலில் டிக்கெட் பரிசோதிப்பவர்கள், பரீட்சை ஹாலில் பிட் பிடிப்பவர்கள், கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும் அறைக் கதவை மூடிக்கொண்டு நிற்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கெல்லாம் நல்லவனாக இருக்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தொண்ணூறுகள் முழுக்க எனக்கு வாரத்தில் ஆறு நாள் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. அங்கே நான் வேண்டாம் என்று ஒதுக்கிய எந்த உதிரிபாகமும் என்னைத் திட்டியதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே செம்மண் மைதானத்தில் நடக்கும் மண் பந்தயத்தில் அதே வேலை, சம்பளம் இல்லாமல். முட்டை வடிவத்தில் ஒரு பாதை, எட்டுப் பத்து கார்கள், பதினைந்து சுற்று. ஒவ்வொரு காரையும் நான் பார்த்து, கதவில் சாக்பீஸால் ஒரு டிக் போட்ட பிறகுதான் அது பாதையில் இறங்கலாம். அருள்ராஜ் என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அந்த மைதானத்தில் யாருக்கும் தெரியாது. என் பெயர் ‘ஆகல்ல சார்’.

அங்கே பாதிப் பேர் பேசியது கன்னடம். இங்கே தமிழில் தருகிறேன். திட்டியதை மட்டும் விட்டுவிட்டேன்.

ஒரு ஹெல்மெட், ஐந்து தலை

நான் சேர்ந்த வருடம் விதிகள் எல்லாம் சேர்ந்து அரைப் பக்கம். கண்ணாடிகளைக் கழற்ற வேண்டும், கதவுகளைக் கட்ட வேண்டும், ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும். கார்களும் அப்படித்தான். உடைசல் கடைக்குப் போகிற வழியில் ஒருநாள் விளையாடிவிட்டுப் போகலாம் என்று வந்தவை மாதிரி இருக்கும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. பெரும்பாலும் அம்பாசிடர். அதைத் திருப்புவதற்கே பாதி மைதானம் வேண்டும்.

அந்த முதல் ஞாயிறு வரிசையாக ஐந்து கார் பார்த்தேன். ஐந்து பேரிடமும் ஹெல்மெட் இருந்தது. ஐந்தும் நீல நிறம். மைசூரில் நீல ஹெல்மெட்டுக்கு இவ்வளவு மவுசா என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம், எதற்கும் இருக்கட்டும் என்று முதல் ஹெல்மெட்டின் உள்ளே சாக்பீஸால் ஒரு சிலுவை போட்டுவைத்தேன். இரண்டாவது ஹெல்மெட்டில் என் சிலுவை இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. வேலியின் பின்பக்கமாக அது கைமாறிக் கைமாறி எனக்கு முன்னால் போய் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

ஐந்தாவது ஆள் மண்டி மொஹல்லாவில் டயர் கடை வைத்திருந்தவர், வயதில் பெரியவர். “ஐந்து பேர் ஒரே பந்தயத்தில் ஓடுகிறீர்கள், ஹெல்மெட் ஒன்றுதானே இருக்கிறது?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவர் போலப் பொறுமையாகச் சொன்னார்: “ஒரே ரேஸ்ல அஞ்சு பேர் தலையுமா சார் உடையும்?”

அத்தை கொடுத்த அனுமதி

இரண்டாவது வருடம் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி பீட்டர் பந்தயத்தில் இறங்கினான். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் அவனுக்கு மெக்கானிக் ஷெட். ஸ்கூட்டரே சாய்ந்துதான் நுழைய வேண்டிய சந்து. அதற்குள் ஓர் அம்பாசிடரை எப்படிக் கொண்டுபோனான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. காருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஏழு என்று எழுதிவிட்டு, அம்மாவிடம் அனுமதி கேட்க எங்களையும் கூட்டிக்கொண்டு போனான்.

என் மாமியாருக்கு இருப்பது ஒரே பையன். மாமனார் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். எவ்வளவு வேகம் போகும், எங்கே திரும்பும், மோதினால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டார். பீட்டர் ஒவ்வொன்றுக்கும் “ஒண்ணும் ஆகாதும்மா” என்றான். “வண்டியை யார் பாத்து விடுவாங்க?” என்று கேட்டார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தலையாட்டினேன். அன்று ஆட்டிய தலையை அதன் பிறகு ஏழெட்டு வருடம் சுமந்தேன். முதல் ஞாயிறே அவன் காரை நான் விடவில்லை. சீட் பெல்ட்டைத் தரையில் போல்ட் போட்டு முடுக்காமல் சீட்டின் கம்பியில் கட்டியிருந்தான். சீட் பிடுங்கிக்கொண்டால் பெல்ட்டும் கூடப் போகும். “ஆகல்ல” என்றேன். அத்தனை பேர் முன்னாலும் மச்சான் காரை மாமாவே தடுத்துவிட்டார் என்று அவனுக்கு அவமானம். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஸ்டெல்லா பேசினாள், ஆனால் சாப்பாடு போடும்போது தட்டு கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது. அடுத்த மாதம் அவன் பெல்ட்டைத் தரையில் முடுக்கிக்கொண்டு வந்தான். மாமியார் மட்டும் அந்த ஒரு மாதமும் என்னிடம் ஒரு வாட்டமும் காட்டவில்லை. அனுமதி கொடுத்த அன்று சொன்னதோடு சரி: “அவன் ஓட்டட்டும் மாப்ள. நீங்க பாத்து அனுப்புனா எனக்கு அது போதும்.”

கூரை மேல் இனிப்புக் கடை

கேபிள் டிவி வந்தது. அதுவரை எங்கள் பந்தயக்காரர்களுக்கு வெளியுலகம் தெரியாது, நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் ஏதோ ஒரு விளையாட்டுச் சேனலில் வெளிநாட்டு மண் பந்தயத்தைக் காட்டிவிட்டார்கள். அங்கே காரின் தலைமேல் கட்டில் அகலத்துக்கு ஒரு தகடு. முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்து இருக்கும். காற்று அதன்மேல் மோதி வண்டியைத் தரையோடு அமுக்கும், வளைவில் சறுக்காது. நல்ல யோசனைதான். அந்தக் கார்கள் போகிற வேகத்துக்கு.

அடுத்த ஞாயிறு சுரேஷ் என்பவர் காரின் கூரைமேல் ஒரு தகடு வந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அவர் அப்பாவின் இனிப்புக் கடைப் பழைய போர்டு. ‘சுத்தமான நெய்யில் செய்தது’ என்று கன்னடத்தில் கொட்டை எழுத்து. நான்கு ஆணி, மிச்சத்துக்குக் கட்டுக்கம்பி. அதைவிட முக்கியம், தகடு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. முன்பக்கம் உயரம், பின்பக்கம் தாழ்வு. காற்று அடியில் புகுந்தால் வண்டியை அமுக்காது, தூக்கும். கட்டுக்கம்பி அறுந்தால் நெய் பலகாரம் பார்வையாளர்கள் தலையில் இறங்கும்.

இதையெல்லாம் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். தம்பி, இதைத் திருப்பி வைத்தாலாவது அர்த்தம் உண்டு, ஏன் இப்படி வைத்தீர்கள் என்று கேட்டேன். சுரேஷ் அதுவரை எட்டுப் பந்தயம் ஓட்டி எட்டிலும் கடைசி. என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முன்னால போறவன் போர்டைப் பின்னால வர்றவன்தானே சார் படிக்கணும்?”

நரசிம்மன் சாரின் காது

எந்தக் கார் எத்தனை சுற்று முடித்தது என்று எழுதும் எங்கள் கணக்கர் நரசிம்மன் சார் அக்ரஹாரத்துக்காரர், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கழுத்தில் இரண்டு ஸ்டாப் வாட்ச், மடியில் நோட்டு, தலைக்கு மேல் குடை. பந்தயம் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் செம்மண் புழுதியில் எந்தக் காரின் நம்பரும் தெரியாது. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். ஒவ்வொரு காருக்கும் ஒரு சத்தம் உண்டு. ஏழாம் நம்பர் இருமும், மூன்றாம் நம்பர் விசிலடிக்கும், டயர் கடைக்காரர் கார் வளைவில் மட்டும் முனகும். அவர் கணக்கு ஒரு தடவையும் தப்பியதில்லை.

தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு வாக்கில் எல்லாம் மாறியது. அம்பாசிடர்கள் போயின. எல்லாரும் ஒரே மாதிரிச் சின்னக் காரை வாங்கினார்கள். எல்லாரும் பெங்களூரில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி சைலன்சரை வைத்தார்கள். சின்னக் கார் லேசானது, வேகமானது. அம்பாசிடர் கவிழ்வதாக இருந்தால் முன்கூட்டியே தகவல் சொல்லும். இது சொல்லாமலே கவிழ்ந்தது. அந்தக் கவலையை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது நரசிம்மன் சாருக்கு வேறு கவலை. முதல் பந்தயம் முடிந்ததும் ஜெயித்தது யார் என்று எல்லாரும் அவர் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். அவர் நோட்டு வெற்றாக இருந்தது.

அடுத்த வருடமே காருக்கொரு கருவியும் அதை எண்ண ஒரு கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. அன்று மட்டும் வேறு வழியில்லை, பந்தயத்தை மறுபடி ஓடச் சொன்னோம். பீட்டர் தான்தான் ஜெயித்ததாக ஒரே சண்டை. நரசிம்மன் சார் குடையை மடக்கிக்கொண்டு எழுந்து, வகுப்பறைக் குரலில் சொன்னார்: “எல்லாரும் ஒரே சுருதியில கத்தினா, எவன் முன்னால கத்தினான்னு நான் எப்படிடா எழுதறது?”

கூண்டும் என் முட்டியும்

சின்னக் கார்கள் உருள ஆரம்பித்ததும் கூண்டு கட்டாயம் என்று விதி வந்தது. ஓட்டுகிறவரைச் சுற்றி, காருக்குள்ளேயே இரும்புக் குழாயில் வெல்டிங் செய்த ஒரு சட்டம். கார் தலைகீழானால் கூரை நசுங்கி ஆளின் தலைமேல் வராமல் அது தாங்கும். தாங்க வேண்டுமென்றால் குழாயின் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். தடிமனான குழாய் கனம், கனமான கார் மெதுவாகப் போகும். இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும், மக்கள் என்னென்ன குழாயோடு வந்திருப்பார்கள் என்று. கட்டில் குழாய் வந்தது, வீட்டுத் தண்ணீர்க் குழாய் வந்தது. ஒருவர் காரில் கொசுவலைக் கம்பி.

மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் எல்லாக் குழாயும் ஒரே மாதிரிதான். உள்ளே பார்க்க ஒரே வழி, ஓட்டை போடுவது. கையால் சுற்றுகிற டிரில்லால் குழாயில் பட்டாணிக்கும் சின்னதாக ஒரு துளை போட்டு, நுனி வளைந்த ஒரு கம்பியை உள்ளே விட்டுக் கொக்கி போல இழுத்தால் சுவரின் தடிமன் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் துளையை அவர்களே வெல்டிங் வைத்து அடைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டை ஓட்டையாகப் போட்டால் குழாயே பலவீனமாகும் என்பதால், அடைக்காத துளை மூன்றுக்கு மேல் இருந்தால் அந்தக் கார் அன்று ஓடக் கூடாது என்றும் நானே ஒரு வரி சேர்த்தேன்.

எனக்கு வலது முட்டி சரியில்லை. தொழிற்சாலையில் ஒருமுறை இரும்புத் தட்டு விழுந்தது. குனியவோ, காருக்குள் தவழ்ந்து போகவோ முடியாது. அதனால் நின்ற வாக்கிலேயே கை போகிற இடத்தில், டிரைவரின் தோளுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் குழாயில், துளை போடுவேன். முதல் வருடம் பாதிக் கார்களுக்கு ஆகல்ல சொன்னேன். இரண்டாவது வருடம் ஒன்றிரண்டு. மூன்றாவது வருடம் ஒன்றுகூட இல்லை. திருந்திவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். வீட்டில்கூடப் பெருமையாகச் சொன்னேன். சுரேஷின் மெக்கானிக் ஒருநாள் என் டிரில்லைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்: “உங்க கை அளந்து வச்ச கை சார். மூணு வருஷமா ஒரு இஞ்ச் இப்படி அப்படி போனதில்ல.”

நான் பார்த்த இடம்

பொங்கல் முடிந்த மறு ஞாயிறு. பீட்டர் காருக்கு டிக் போட்டேன். விதி கேட்பதைவிடத் தடிமன் ஒரு நூல் கூடவே இருந்தது. “பரவாயில்லடா, நல்ல குழாய்” என்றேன். அவன் கண்ணாடி மாட்டிக்கொண்டே சிரித்தான். மூன்றாவது சுற்றில், மறுபக்க வளைவில், ஈரமண்ணில் இடது சக்கரம் பள்ளத்தில் மாட்டியது. கார் இரண்டு தடவை முழுசாக உருண்டு பக்கவாட்டில் படுத்தது.

முட்டி வலித்ததா என்று கேட்காதீர்கள். நான்தான் முதலில் அங்கே போனேன் என்று பிறகு சொன்னார்கள். பீட்டர் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். பெல்ட் தரையோடு முடுக்கியபடி அப்படியே இருந்தது. கூண்டு அப்படி இல்லை. மேல் குழாய்கள் நான்கும் அப்பளமாக நசுங்கி அவன் ஹெல்மெட்டைத் தொட்டுக்கொண்டு நின்றன. அவன் தோளுக்குப் பின்னால் ஒரே ஒரு அடி நீளத்துக்கு மட்டும் குழாய் நிமிர்ந்து நின்றது. அதன் நடுவில் நான் காலையில் போட்ட துளை.

காறை எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்திருந்தன, உயிருக்கு ஒன்றுமில்லை. ஸ்டெல்லா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். வலிக்கு ஊசி போட்ட பிறகு பீட்டர் என்னைக் கிட்டே கூப்பிட்டான். கண்ணைத் திறக்காமலே சொன்னான். “மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பாக்குற எடத்துல மட்டும் நல்ல பைப் வச்சேன். எல்லாரும் அப்படித்தான் வக்கிறாங்க.”

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியவில்லை. அவன் தலைக்கும் சாவுக்கும் நடுவே இருந்ததற்கு நான் நல்ல குழாய் என்று பெயர் சொல்லிவிட்டு வந்திருந்தேன். வராந்தாவில் ஸ்டெல்லா யூனிஃபார்மோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. “நீங்க பாத்துதானே விட்டீங்க?” என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். நோயாளியிடம் விசாரிக்கிற குரலிலேயே கேட்டாள்: “எங்க பாத்தீங்க?”

தெரிந்த கேள்வி

அடுத்த பந்தயத்துக்கு ஒரு முக்காலியோடு போனேன். அதில் உட்கார்ந்துகொண்டு, முட்டியைப் பல்லைக் கடித்து மடக்கி, ஒவ்வொரு காரிலும் வேறு வேறு இடத்தில் துளை போட்டேன். பாதிக்கு மேற்பட்ட கார்களில் என் பழைய இடத்தில் தடிமன் குழாய், மிச்சமெல்லாம் கட்டில் குழாய். வெல்டிங் இணைப்பைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்த நேர்த்தியைப் பார்த்தால், அந்த உழைப்புக்கு முழுக் கூண்டையே நல்ல குழாயில் செய்திருக்கலாம். அத்தனைக்கும் ஆகல்ல சொன்னேன். அன்று பந்தயம் மூன்று கார்களோடு நடந்தது.

மெக்கானிக்குகள் யாரும் மறுக்கவில்லை, யாரும் வெட்கப்படவுமில்லை. பீட்டர் படுத்த படுக்கையாகக் கிடப்பது தெரிந்தும் இப்படியா என்று கேட்டேன். என் கையை அளந்து வைத்த கை என்று புகழ்ந்த அதே மெக்கானிக் பதில் சொன்னார்: “பரீட்சைல எந்தக் கேள்வி வரும்னு தெரிஞ்சா அதத்தானே சார் எல்லாரும் படிப்பாங்க?”

விரல் காட்டுகிறவர்

எங்கே துளை போடுவது என்பதை இனி நான் முடிவு செய்யப்போவதில்லை என்று தீர்மானித்தேன். நான் முடிவு செய்தால் ஒரு வருடத்தில் அதையும் படித்துவிடுவார்கள். ஓட்டுகிறவர் வீட்டிலிருந்து ஒருவர் வந்து விரல் காட்ட வேண்டும், அங்கே துளை போடப்படும் என்று விதியை மாற்றினேன். ஆள் தப்பிப் பிழைத்து வீடு திரும்ப வேண்டும் என்று உண்மையாக நினைப்பவர் அவர்தானே.

இந்த விதி வந்த பிறகு மைதானத்தின் முகமே மாறியது. அம்மாக்கள் டிபன் கேரியரோடு வந்தார்கள். சுரேஷின் மனைவி கூண்டில் ஓர் இடத்தைக் காட்டினார். அதோடு நிற்கவில்லை. தேய்ந்த டயரைக் காட்டினார், தொங்கிக்கொண்டிருந்த ஒயரைக் காட்டினார், சீட்டுக்கு அடியில் கிடந்த சிகரெட் பெட்டியையும் காட்டினார். அது எதுவும் என் விதிப் புத்தகத்தில் இல்லை. சுரேஷ் தகட்டை எடுத்துவிட்டு நல்ல கூண்டோடு வந்திருந்தும் முகம் வெளிறி நின்றார். என்னைத் தனியாக ஓரமாக அழைத்துப்போய் கெஞ்சினார்: “சார், பழையபடி நீங்களே பாருங்க சார், நீங்க எவ்வளவோ மேல்.”

நான்காவது துளை

எட்டு மாதம் கழித்து பீட்டர் திரும்பி வந்தான். கார் புதிதாகச் செய்தது, கூண்டு முழுக்க தடிமன் குழாய். சந்துக்குள் உட்கார்ந்து அவனே ஒவ்வொரு இணைப்பையும் வெல்டிங் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். வேண்டாம் என்று நானும் ஸ்டெல்லாவும் சொல்லிப் பார்த்தோம். காது கொடுத்தால்தானே. மாமியார் மட்டும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விரல் காட்ட யார் வருவது என்று பேச்சு வந்தபோது, நான் வர்றேன் என்றார். பந்தயத்துக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் கேட்டார், “எத்தனை ஓட்டை வரைக்கும் தாங்கும் மாப்ள?” பெரிய விஷயமாக நினைக்காமல் மூன்று என்றேன்.

காலையில் ஆராதனை முடிந்த கையோடு வெள்ளைப் புடவையில் மைதானத்துக்கு வந்தார். காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். மகன் உட்காரும் இடத்தில் தலைக்கு மேலே இருந்த குழாயைக் காட்டினார். துளை போட்டேன், நல்ல குழாய். பக்கவாட்டில் காட்டினார். நல்ல குழாய். காலடியில் காட்டினார். முக்காலியில் உட்கார்ந்து அதையும் போட்டேன், நல்ல குழாய். பீட்டர் கையுறையை மாட்ட ஆரம்பித்தான். அவர் மறுபடி தோளுக்குப் பின்னால் என் பழைய இடத்தைக் காட்டினார்.

“அம்மா, மூணு ஆயிடுச்சு” என்றான் பீட்டர்.

“எனக்கு மனசு கேக்கலடா. அன்னைக்கும் இந்த எடம்தான் நல்லா இருந்துச்சாம்.”

வீட்டு ஆள் காட்டுகிற இடத்தில் துளை போட வேண்டும் என்பது விதி. எத்தனை இடம் காட்டலாம் என்று நான் எழுதவில்லை. டிரில்லைச் சுற்றினேன். நான்காவது துளையும் அருமையான குழாய். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல கூண்டைப் பார்த்ததில்லை. “ஆகல்ல” என்றேன்.

“மாமா, பைப் சரியாத்தானே இருக்கு?”

“பைப் சரிதான்டா. ஓட்டை நாலு.”

வெல்டிங் மெஷின் மண்டி மொஹல்லாவில் இருந்தது, பந்தயம் அரை மணி நேரத்தில். அடுத்த மாதமும் அவர் வந்தார், நான்கு இடம் காட்டினார். அதற்கடுத்த மாதமும் வந்தார். மூன்றாவது தடவை பீட்டர் கையுறையை எடுத்துக்கொண்டே வரவில்லை. கொஞ்ச நாளில் அவன் ஷெட்டில் மற்றவர்களுக்குக் கூண்டு செய்து கொடுக்க ஆரம்பித்தான். மைசூரில் செய்யும் கூண்டுகளில் நான் எங்கே துளை போட்டாலும் பயமில்லாதவை அவனுடையவைதான்.

நான்கு துளைக்காக நான் ஆகல்ல சொன்ன அந்த முதல் ஞாயிறு, மறு நிமிடம், பீட்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமியார் புடவைத் தலைப்பால் கையிலிருந்த இரும்புத் தூளைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “சரி, ரூல்னா ரூல்தானே. மீன் கொழம்பு வச்சிருக்கேன், ரெண்டு பேரும் வந்து சாப்பிடுங்க” என்றார்.

ஏழெட்டு வருடம் நான் தொண்டை வறளச் சொல்லியும் தடுக்க முடியாத ஒருவனை, ஆகல்ல என்று ஒரு தடவைகூடச் சொல்லாதவர் ஒரு விரலை நான்கு முறை நீட்டி நிறுத்திவிட்டார்.